கன்றிழந்த ஆவுக்கு ஈடு யாது?

பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பினை முதுகலை வகுப்பில் யாம் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், பம்மலிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, “மைந்தனைத் தேர்க்காலில் இட்டதனால் அரசன் முறை நிலைபெற்றது, ஐயா, கன்றை இழந்த பசுவுக்குக் கிடைத்தது என்ன?” என்று வினவினார். வகுப்பில் சிறு நகைப்பு எழுந்தது. இறைவன் அருளால் கன்று உயிர்பெற்று எழுந்ததே என விடையிறுத்து யாம் அன்று மேற்சென்றோம். அவ்விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை என்பதனை அவர் முகமே காட்டிற்று. அவர்தம் தந்தையார் தோல் பதனிடும் சாலையொன்றில் பணியாற்றியவர் என்பதும், அங்குப் பொறியில் அகப்பட்டு வலக்கைச் சுட்டுவிரலை இழந்தவர் என்பதும் பின்னரே எமக்குத் தெரியவந்தன. வினாவின் பொருள் அப்பொழுதுதான் விளங்கிற்று. மனுவேந்தன் வரலாற்றை நடுவுநிலைமைக்கு எடுத்துக்காட்டாக மேடைதோறும் எடுத்தாளும் நாம், அதனை ஊறுபட்டவர் பக்கம் நின்று ஒருமுறையேனும் படித்தோமா என்ற ஐயமும் உடன் எழுந்தது. கருதிச் செய்யாத செயலால் பிறர்க்கு ஊறு நேர்ந்தவிடத்துப் பொறுப்பு யாரைச் சாரும், ஈடு யாரைச் சேரும் என்பவற்றைத் தமிழ் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் பிற்காலச் சட்டங்களிலும் வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியைப் பம்மலிலிருந்து தொடங்குதல் பொருத்தமற்றதன்று. இன்று தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிவிட்ட அவ்வூருக்கு அணித்தாக, மேற்றிசையில் உள்ளது குன்றத்தூர். தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரே சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் என்பதனை யாவரும் அறிவர். இரண்டாங் குலோத்துங்கன் (1133-1150) அவையில் அமைச்சராக விளங்கிய அப்பெருமான், வழக்குகளைக் கேட்டும் தீர்ப்புகளைக் கண்டும் பழகியவர். ஆதலின், அவர் பாடிய தேர்க்கால் வரலாற்றைப் புலவர் ஒருவரின் கற்பனையாக மட்டும் கொள்ளாது, ஆட்சித் துறையில் நின்றவர் ஒருவர் தம் கால நீதிமுறை பற்றிக் கொண்ட கருத்தாகவும் கொள்ளுதல் தகும்.

வரலாறு புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் ஊரின் பெருமை கூறுமிடத்து இதனைக் குறிப்பிடுகின்றாள். பழமொழி நானூறும் இதனை அறியும். விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டொன்றும் இதனைக் கூறுகின்றது. இவையெல்லாம் சுருங்கச் சொன்னதைச் சேக்கிழார் ஒருவரே வழக்காடு மன்றத்தின் முறைமையோடு விரித்துரைக்கின்றார். அவ்விரிவிலேதான் எமக்கு வேண்டிய செய்திகள் உள்ளன.

அரசிளங்குமரன் தேரூர்ந்து வருகின்றான். இளங்கன்று ஒன்று துள்ளிப் பாய்ந்து தேர்க்காலில் அகப்பட்டு மாய்கின்றது. அவன் கண்டு செலுத்தினான் அல்லன். கருதிச் செலுத்தினானும் அல்லன். இதனை ஐயத்திற்கிடமின்றி அமைத்துவிட்டே கவிஞர் வழக்கைத் தொடங்குகின்றார். குமரன் தேரினின்று இறங்கி நடுங்குகின்றான். தந்தை அறியுமுன் இதற்குரிய கழுவாயை அந்தணர் விதித்தால் அதனைச் செய்துவிடலாம் என்று கருதிச் செல்கின்றான். அவன் மனத்தில் முதலில் எழுந்தது தன் பழியைப் போக்கும் வழியே என்பது கருதற்பாலது. அவனைக் கொடியவன் என்று கூற இயலாது. நம்மில் பலரும் அந்நிலையில் அதனையே செய்திருப்போம்.

ஆராய்ச்சி மணி ஒலித்த பின்னர் அமைச்சர் கூறும் உரையும் அதுவே. ஆவினைக் கொன்றார்க்கு மறைநூல் விதித்த கழுவாய் உண்டு. அதனைச் செய்வித்தலே நெறி என்கின்றனர். அரசன் இதனை மறுக்கும் காரணத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கழுவாய் செய்தால் செய்தவன் பழி நீங்கலாம். கன்றை இழந்து அலறும் தாய்ப்பசுவின் துயருக்கு அது மருந்தாகுமோ என்பதே அவன் வினா. தன் மகனுக்குக் கழுவாயும் பிறன் ஒருவனுக்குக் கொலையும் விதிப்பின் உலகம் பழிக்கும் என்னும் காரணம் இதனை அடுத்தே வருகின்றது. மேடைகளில் நாம் எடுத்தோதுவது பின்னையதையே. முன்னையது நம் செவியில் விழவில்லை.

அமைச்சர் விடவில்லை, இத்தகையன முன்னும் நிகழ்ந்துள்ளன, அவற்றுக்கு நூல்வழி நின்ற தீர்வுகளும் உண்டு என்று முன்மரபு காட்டுகின்றனர். அரசன் அதற்கு இறுக்கும் விடை, இக்கால வழக்கறிஞர் ஒருவர் முன்தீர்ப்பு ஒன்றினை வேறுபடுத்திக் காட்டும் திறத்தை ஒத்தது. எவ்வுலகில், எந்தப் பசு, இவ்வாறு வந்து மணியை அசைத்தது என வினவுகின்றான். முன்மரபுகளில் எல்லாம் செய்தவன் இருந்தான், நூல் இருந்தது, அந்தணர் இருந்தனர். இழந்தவர் வந்து வாயிலில் நிற்கவில்லை. இவ்வழக்கில் இழந்தவர் வந்து நிற்பதனால் பழைய தீர்வுகள் பொருந்தா என்பதே அவ்வினாவின் கருத்தென யாம் கொள்கின்றோம்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. உயிர்களைக் காக்கும் அரசன் நீக்கவேண்டிய அச்சங்கள் ஐந்து என எண்ணும் மன்னவன், தன்னால் வரும் அச்சத்தையும் தன் பரிசனத்தால் வரும் அச்சத்தையும் முதற்கண் வைத்து, பகைவர், கள்வர், பிறவுயிர்கள் ஆகியோரால் வருவனவற்றை அவற்றின் பின் வைக்கின்றான். தன் ஆள்களால் பிறர்க்கு விளையும் தீங்கிற்குத் தலைவனே பொறுப்பாளி என்னும் கொள்கை இங்கு வெளிப்பட நிற்கின்றது. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் 1837-இல் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் வேலையாள் தொடுத்த வழக்கிலிருந்து, உடன்வேலையாளின் தவற்றால் ஊறுபட்ட தொழிலாளிக்கு முதலாளி ஈடு தரவேண்டுவதில்லை என்ற கோட்பாட்டை வளர்த்தன. அதனை இந்தியாவில் முற்ற நீக்குதற்கு 1938-ஆம் ஆண்டு முதலாளிகள் பொறுப்புச் சட்டம் வேண்டியிருந்தது. இதனைக் கூறுவது எல்லாம் எம்முன்னோர் அறிந்திருந்தனர் என்று மார்தட்டுதற்கு அன்று. காவியம் வேறு, சட்டம் வேறு. அறத்தின்பாற் பட்ட ஓர் உணர்வு சட்டமாக உருப்பெறுதற்கு எத்துணைக் காலம் கழிகின்றது என்பதைக் காட்டுதற்கே இதனைக் குறித்தோம்.

ஆயினும் மன்னவன் கண்ட தீர்வு யாது? பசு உற்ற துயரைத் தானும் உறுதலே. தேரைச் செலுத்துமாறு பணிக்கப்பெற்ற அமைச்சன் அது செய்யமாட்டாது தன்னுயிரை மாய்த்துக்கொள்கின்றான். அரசன் தானே மகன்மேல் தேரூர்கின்றான். ஒரு கன்றின் சாவு மேலும் இரு சாவுகளை ஈன்றது. துயர் ஒத்தது, இழப்பு நிரம்பவில்லை. சேக்கிழார் இதனை உணராதவர் அல்லர். திருவாரூர்ப் பெருமான் வீதியில் வெளிப்பட்டுக் கன்றும் குமரனும் அமைச்சனும் எழுந்தாலன்றிக் காவியத்தை அவரால் முடிக்க இயலவில்லை. மாணவரின் வினா வந்து நிற்கும் இடமும் இதுவே.

இவ்வரலாற்றுக்கு ஈழத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அனுராதபுரத்திலிருந்து ஆண்ட சோழன் எல்லாளன் மீதும் மகாவம்சம் இதே கன்றின் கதையை ஏற்றிக் கூறும். தமிழாய்வாளர் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகின்றனர். அதே அதிகாரத்தில் அடுத்து வரும் செய்தி எமது பொருளுக்கு இன்னும் இன்றியமையாதது. எல்லாளன் ஒருகால் தேரில் மீளும்பொழுது தேரின் நுகமுனை பட்டுப் புத்தர் தூபி ஒன்று சிதைந்தது. அமைச்சர் அதனைக் கூறினர். அறியாது நேர்ந்ததாயினும் அரசன் இறங்கி வழியிற் கிடந்து, தன் தலையையும் தேர்க்காலால் அறுக்குமாறு பணித்தான். அமைச்சரோ, பிறர்க்குத் தீங்கு செய்தலை எம் ஆசான் விரும்பார். தூபியைச் செப்பனிட்டுப் பொறுத்தருளுமாறு வேண்டுக என்றனர். பெயர்ந்த கற்கள் 15. அவற்றை மீள வைத்தற்கு அரசன் செலவிட்டது 15,000 கார்ஷாபணம்.

ஒரே அரசன், ஒரே தேர், இருவகை ஊறு. உயிர்க்கு ஊறு நேர்ந்தவிடத்து உயிரே ஈடாயிற்று. பொருளுக்கு நேர்ந்தவிடத்துப் பொருள் ஈடாயிற்று. பின்னையதில் பெயர்ந்தது பெயர்ந்தபடியே நிறுத்தப்பட்டது. ஊறுபட்டவர் பக்கமே செலவும் சென்றது. அறியாது செய்தமையால் பொறுப்பு ஒழியவில்லை. ஆயின் அறியாது செய்தமையால் தலை தப்பியது. இன்றைய சட்டத்தின் நடையை இதனினும் அணுகிவரும் பழங்கதை ஒன்றனை யாம் கண்டிலோம். மகாவம்சம் பகைவன் என்று கருதிய தமிழ் மன்னன்மேல் இதனை ஏற்றிக் கூறியது அந்நூலின் பெருந்தன்மையையும் காட்டும்.

கல்லில் எழுதிய தீர்ப்புகள்

கதையை விட்டு நடப்பிற்கு வருவோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் தற்செயற் கொலை பற்றியன பல உள்ளன. பெரும்பாலானவை வேட்டையில் நிகழ்ந்தவை. விலங்கைக் குறித்து எய்த அம்பு குறி தப்பி மனிதன்மேற் படுகின்றது, அவன் இறக்கின்றான். நாட்டார் கூடுகின்றனர், வழக்கு ஆராயப்படுகின்றது. எய்தவன் பகைகொண்டு எய்தானல்லன் ஆதலின் அவன் சாதற்குரியன் அல்லன் எனத் தீர்கின்றது. அடுத்து வருவது, அவன் கோயிலுக்கு நந்தாவிளக்கு எரிக்கக்கடவன் என்பது. அதற்கெனப் பசுக்களையோ ஆடுகளையோ அவன் கொடுக்கின்றான். கோயிலார் அவற்றை ஏற்று இடையர்பால் ஒப்படைக்கின்றனர்.

இத்தீர்ப்புகளின் சிறப்பினை முதலில் கூறுதல் முறை. உள்ளக்கருத்து உள்ளதையும் இல்லதையும் அவை பிரித்தறிந்தன. உயிர்க்கு உயிர் என்னும் கொடுமையை விலக்கின. தீர்த்தவர் அரசனின் அலுவலர் மட்டும் அல்லர். ஊராரும் நாட்டாரும் கூடித் தீர்த்தனர். தீர்ந்ததைக் கல்லில் வெட்டியதனால், கொன்றவனும் அவன் வழியினரும் மீண்டும் அப்பழியைச் சுமக்காது வாழ வழி ஏற்பட்டது. பழிக்குப் பழி வாங்கும் தொடர்கொலைகள் மலிந்த உலகில் இஃது எளிய செயலன்று.

ஆயினும் அந்தப் பொருள் எங்குச் சென்றது என்பதை நோக்குவோம். ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்பது பெருவழக்கு. அவை சாவா மூவாப் பேராடு எனப்படும். இறந்தவற்றைக் குட்டிகள் ஈடுசெய்துகொண்டே வருமாதலின் மந்தையின் தொகை என்றும் குறையாது. நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்தாதல் வேண்டும். கையாளும் திறத்தில் இதனை வெல்லும் அறக்கட்டளை அரிது. இறந்தவன் பேரால் விளக்கு எரிதலும் உண்டு. ஆயின், அவன் மனைவிக்கும் மக்களுக்கும் அந்நெய்யில் ஓர் ஆழாக்கேனும் சென்றதாகப் பெரும்பாலான கல்வெட்டுகள் கூறவில்லை. விளக்கு எரிந்தது, அவன் வீட்டு அடுப்பு எரிந்ததா என்பதற்குக் கல் விடை தரவில்லை. கூறாமையால் இல்லை என்று முடித்தல் கூடாது என்பதனை யாம் அறிவோம். கோயிற் சுவரில் கோயிலுக்கு வந்ததே எழுதப்படும்; வீட்டுக்குச் சென்றது ஓலையில் முடிந்திருக்கலாம். எனினும் ‘இவன் சாகவேண்டா, விளக்கு எரிக்க’ என்னும் யாப்பு, தண்டனைக்கு மாற்றாக வைக்கப்பட்டது விளக்கே என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது.

இது கழுவாய். புறநானூற்று 34-ஆம் பாட்டிலேயே இச்சொல் கொடும்பாவங்களின் தீர்வைக் குறித்து வந்துள்ளது. கழுவப்படுவது செய்தவனின் பழி. ‘ஈடு’ என்னும் சொல்லோ ஒப்பு, நிகர், அடைமானம் எனப் பொருள் விரிந்து, இழந்ததற்கு நிகராக இழந்தவர்க்கு அளிப்பதைக் குறிக்க வந்தது. நட்டஈடு, இழப்பீடு என்னும் பிற்காலத் தொடர்கள் இதன்வழி அமைந்தவை. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவே இக்கட்டுரையின் பொருள் எனலாம்.

இங்கு ஒரு கருத்தினை முன்வைக்கின்றோம். நாட்டார் இத்தகைய விளக்குத் தீர்ப்புகளை வழங்கிவந்த அந்நூற்றாண்டிலேயே, அவ்வாட்சியின் அமைச்சர் ஒருவர், கழுவாயை ஏற்க மறுக்கும் அரசன் ஒருவனைப் பாடினார். சேக்கிழார் இத்தீர்ப்புகளை அறியாதிருந்தார் எனக் கொள்ளுதல் அரிது. அவர் அவற்றைக் கண்டித்தார் என்று கூறுதற்குச் சான்றில்லை. அவரும் கோயிற் பணியில் தலைநின்றவரே. ஆயினும் பசுவின் துயருக்கு அது மருந்தோ என்னும் வினாவை அரசன் வாயில் வைத்தவர், நாட்டார் அவையில் கேட்கப்படாத வினா ஒன்றினைக் கேட்டார் என்பது மட்டும் உறுதி.

வீட்டுக்குச் சென்ற ஈடு தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. ஊர் காக்கப் பொருது பட்டவனின் வழியினர்க்கு விடப்பட்ட நிலம் உதிரப்பட்டி எனப்பட்டது; பிற்காலத்து இரத்தமானியமும் அத்தகையதே. வீரச்சாவு எய்தியவன் குடும்பத்துக்கு நிலம். குறி தப்பிய அம்பால் இறந்தவன் பேரில் விளக்கு. ஊர் யாருக்குக் கடன்பட்டதாக உணர்ந்தது என்பது இதனால் புலனாகும்.

அரசே பிழைசெய்து அரசே ஈடு தந்த வரலாறு ஒன்றும் உண்டு. அதனைச் சிலப்பதிகாரக் கட்டுரை காதை கூறும். வார்த்திகன் என்னும் அந்தணனின் வீட்டிற் சிறந்த அணிகலன்கள் இருப்பதைக் கண்ட அரசனின் பணியாளர், புதையல் கவர்ந்தான் எனக் கருதி அவனைச் சிறைவைத்தனர். அவை அவன் மகன் தக்கிணன் பரிசிலாகப் பெற்றவை. அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் விழுந்து அழுதாள். ஐயை கோயிற் கதவம் திறவாது நின்றது. பாண்டியன் ஆராய்ந்து உண்மை அறிந்தான்; தன் ஏவலரின் அறியாமையால் தன் முறை பிழைத்தது என்று கூறித் தானே பொறுப்பேற்றான்; அவர்களை ஒறுத்துத் தான் ஒதுங்கவில்லை. சிறைவிட்டான், பொறுக்குமாறு வேண்டினான், தங்காலும் வயலூருமாகிய ஊர்களை வார்த்திகனுக்கு அளித்தான். ஈண்டு ஐயை கோயிலுக்கு விளக்கு வைத்து அரசன் அமைந்திருக்கலாம், கதவடைத்தவள் அவளன்றோ! அவ்வாறன்றி ஊறுபட்டவன் கைக்கே நிலம் சென்றது. கோவலன் கொலையை விரித்துரைக்கும் நூலில் மதுராபதித் தெய்வத்தின் வாய்மொழியாக இக்கிளைக்கதை வருவதனால் பலரும் இதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். தமிழ் நூல்களில் இழப்பீடு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எமக்குக் கிடைக்கவில்லை.

தெய்வத்துக்குக் கொடுத்தல் என்னும் வழக்கு நமக்கே உரியதன்று. இங்கிலாந்தில் வண்டியேறி ஒருவன் மாண்டால் அவ்வண்டியோ அதன் விலையோ அரசனைச் சேரும். அறச்செயலுக்குச் செல்லவேண்டிய பொருள் என்பது அதன் கருத்து. தெய்வத்துக்குக் கொடுக்கற்பாலது எனப் பொருள்படும் இலத்தீன் தொடரால் அதனை டியோடாண்டு என்றனர். இருப்புப்பாதை வந்து, நீராவிப் பொறி மனிதரைக் கொல்லத் தொடங்கியபோது இவ்வழக்கம் சங்கடத்துக்குள்ளாயிற்று. 1846-இல் பாராளுமன்றம் அதனை ஒழித்தது. அதே ஆண்டில், பிறர் தவற்றால் இறந்தவனின் குடும்பத்தார் ஈடு பெறுதற்கு வழிசெய்யும் சட்டமும் பிறந்தது. அதுகாறும் இறந்தவனுடன் அவன் வழக்கும் இறந்துவிடும் என்பதே அந்நாட்டு நெறி. இந்தியாவில் இதற்கு நேரான சட்டம் 1855-இல் வந்தது. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளை ஆகியோர் அதனால் உரிமை பெற்றனர். மறு ஆண்டில், 1856 ஜூலை 1-ஆம் நாள், இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் சென்னை மாகாணத்தின் முதல் பயணியர் இரயில் ஓடிற்று.

ஏரி உடைந்த வழக்கு

அந்த இரயில் நிறுவனமே தொடுத்த வழக்கொன்று நம் ஊர்களுக்கு மிக அணுக்கமானது. கார்வேட்டி நகர ஜமீனில் பெருமழையால் ஏரிகள் உடைந்து வெள்ளம் பாய, இருப்புப்பாதைக்குச் சேதம் நேர்ந்தது. நிறுவனம் ஜமீன்தாரிடம் ஈடு கேட்டது. இங்கிலாந்தில் 1868-இல் முடிந்த இரைலண்ட்ஸ் வழக்கின் விதியே அதன் வாதம்: தன் நிலத்தில் நீரைத் தேக்கியவன், அந்நீர் வெளிப்பட்டுத் தீங்கு செய்யின், தவறு இல்லையெனினும் பொறுப்பாவான். சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1874-இல் கிடைத்த தீர்ப்பு ஜமீன்தாருக்குச் சார்பாயிற்று. இந்நாட்டு ஏரிகள் தனியொருவன் தன் நலத்திற்காகத் தேக்கியவை அல்ல. தொன்றுதொட்டு மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதனவாய் உள்ளவை. அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை, ஒழித்துவிட அவருக்கு உரிமை இல்லை. ஆதலின் கவனக்குறைவு காட்டினாலன்றி அவர் பொறுப்பாகார் என்றனர்.

ஆங்கில விதியை அயல்நாட்டு நீதிபதிகளே இந்நாட்டு ஏரியின் இயல்பு கருதி ஒதுக்கிய இத்தீர்ப்பினைப் பலவாறு மதிக்கலாம். பல்லாவரம் பெரிய ஏரியையும் அதன் சூழலில் உள்ள சிற்றேரிகளையும் கண்டு வாழும் எமக்கு அதன் நியாயம் எளிதில் விளங்குகின்றது. பொதுநலத்துக்கு உரியதைக் காப்பவனை முழுப்பொறுப்பில் அழுத்தினால் ஏரி காப்பார் எவர்? ஆயின் அதே நியாயத்தை ஆலைக்கும் தோற்சாலைக்கும் நீட்டுதல் இயலாது. அவை ஊதியம் கருதி நடப்பவை. 1985 டிசம்பரில் தில்லி ஆலையொன்றில் அமில வளி கசிந்ததை ஒட்டி, உச்சநீதிமன்றம் 1986 இறுதியில், தீங்கு விளைக்கத்தக்க தொழிலால் ஊதியம் பெறுவோன் அதனால் விளையும் ஊறுக்கு எவ்வகை விலக்குமின்றிப் பொறுப்பாவான் என்று கூறியது. பழைய ஆங்கில விதியினும் இது கடுமையானது. 1996-இல் தோற்கழிவு பற்றிய வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவனே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை அந்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அன்றைய செங்கை மாவட்டத்துத் தோற்சாலைகளும் அத்தீர்ப்பின் எல்லைக்குள் இருந்தன. பம்மல், நாகல்கேணி ஆகிய ஊர்களின் கிணற்று நீரைப் பருகியவர்க்கு இச்செய்தி வெறும் ஏட்டுச் செய்தியன்று.

இனித் தொழிலாளியின் ஊறு. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே குரோமியத்தால் தோல் பதனிட்ட ஆலையின் நினைவு. பல்லாவரம், திரிசூலம் மலைகளில் கல்லுடைத்தோரும் இவ்வட்டாரத்தினரே. இவ்விரு தொழில்களிலும் கையும் கண்ணும் போதல் புதுமையன்று. செருமனியில் 1884-லும் இங்கிலாந்தில் 1897-லும் தொடங்கிய மாற்றம், இந்தியாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக வந்து, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்நாடி, முதலாளியின் தவற்றைத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டுவதில்லை என்பதே. வேலையினால், வேலையின் போக்கில் நேர்ந்த ஊறு என்று காட்டினாற் போதும். குடித்திருந்தமை போன்ற சில விலக்குகள் இருந்தன. திங்கள் ஊதியம் ரூ. 300-க்கு மேற்பட்டவர் தொடக்கத்தில் இதன் எல்லைக்குள் வரவில்லை.

அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு எமக்கு மிகவும் பிடித்தமானது. தொழிலாளி இறந்தவிடத்து, முதலாளி ஈட்டுத் தொகையைத் தானே குடும்பத்தார் கையில் கொடுத்து முடித்துவிடுதல் கூடாது. ஆணையரிடம் செலுத்துதல் வேண்டும். ஆணையர் அதனைச் சார்ந்தோர்க்குப் பகுத்தளிப்பார். அறியாத கைம்பெண்ணிடம் சிறுதொகையைக் கொடுத்துக் கைந்நாட்டு வாங்கிக்கொள்ளும் சூழ்ச்சியை அறிந்தவர் ஒருவர் எழுதிய பிரிவு இது என்பதில் ஐயமில்லை. நாட்டார் அவையில் விளக்கிற்குச் சென்ற பொருள், இங்கு வீட்டிற்குச் செல்லுமாறு சட்டத்தின் வேலி இடப்பட்டுள்ளது.

உறுப்பு ஒவ்வொன்றுக்கும் அச்சட்டத்தின் அட்டவணை விலை வைக்கின்றது. பிற்காலத் திருத்தங்களுக்குப்பின், பெருவிரல் முழுதும் இழப்பின் உழைப்புத் திறனில் 30 விழுக்காடு போயிற்று எனக் கொள்வர், சுட்டுவிரல் முழுதும் இழப்பின் 14, நடுவிரல் 12. படிக்குங்கால் முதலில் ஒரு கூச்சம் தோன்றும். மனித உடலை இறைச்சிக் கடைபோற் கூறுபோடுவதா என்று எம் நண்பர் ஒருவர் சினந்தார். ஆயின் எல்லாளன் அமைச்சரும் கற்களை எண்ணினர் என்பதை நினைவூட்டினோம். எண்ணாதவிடத்து ஏழைக்குக் கிடைப்பது இரக்கம் மட்டுமே. அதுவும் எப்பொழுதும் கிடைப்பதன்று. 2009 திருத்தம் இச்சட்டத்தின் பெயரில் இருந்த தொழிலாளரைப் பணியாளராக மாற்றிற்று. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இதன் நெறிகளைத் தன்னுள் வாங்கிக்கொண்டது.

தேர்க்காலுக்கு நேரான ஊர்திச் சட்டத்தின் வரலாற்றை விரிக்கப்புகின் கட்டுரை பெருகும். 1939 சட்டத்தின் கீழ் 1956 திருத்தத்தால் தனித் தீர்ப்பாயங்கள் அமைந்தன. ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பித்தாலன்றி ஈடு இல்லை என 1977-இல் உச்சநீதிமன்றம் கூறியது. அந்நிலையை ஓரளவு மாற்றி, தவறு யாருடையதாயினும் உயிரிழப்புக்கு ரூ. 15,000, நிலையான ஊனத்துக்கு ரூ. 7,500 என 1982 திருத்தம் வகுத்தது. 2019 திருத்தத்தில் அவ்வகைத் தொகை உயிரிழப்புக்கு 5 இலட்சமும் கடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சமும் ஆயிற்று. கண்டு மிதித்தானா, காணாது மிதித்தானா என்னும் வினா இத்தொகையைப் பெறுதற்குத் தேவையில்லை. சேக்கிழாரின் பசுவும் அதனைக் கேட்கவில்லை.

சென்னையில் இவ்வூர்தி வழக்குகளைக் கேட்கும் இடங்களுள் ஒன்று சிறுவழக்கு நீதிமன்றம். தம் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு நாடறியச் செய்த பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964) ஒருகாலத்தில் அம்மன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர். பகலில் சட்டமும் மாலையில் நாடகமும் என வாழ்ந்த அவரை நாம் நாடகத்தந்தையாகவே நினைவுகூர்கின்றோம். குன்றத்தூர் அமைச்சரும் பம்மல் நீதிபதியும் அண்டை ஊரினர் என்பது தற்செயல்தான். எனினும் இலக்கியமும் வழக்குமன்றமும் ஒருவரிடத்தே கூடுதல் இப்பகுதிக்குப் புதிதன்று என மகிழ்தற்கு இடமுண்டு.

மாணவரின் தந்தையாரைப் பின்னர் ஒருநாள் கண்டு பேசினோம். விரல் போனதற்கு என்ன கிடைத்தது என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். மருத்துவச் செலவையும் ஒரு திங்கட் கூலியையும் கொடுத்தார்கள் என்றார். ஆணையர் அலுவலகத்துக்குச் சென்றீர்களா என்றதற்கு, “பதிவேட்டிலே நம்ம பேரே இல்லீங்களே ஐயா, எதைக் காட்டிக் கேக்கறது?” என்றார். முதலாளி கெட்டவரல்லர் என்றும், அவ்வாண்டு ஊர்க்கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயத்தை இவர் பேரால் செய்வித்தார் என்றும் அவரே எடுத்துச் சொன்னார். அதனைச் சொல்லும்பொழுது அவர் முகத்தில் குறை ஒன்றும் தோன்றவில்லை. அருகில் நின்ற மாணவர் வாய்திறவாதிருந்தார். அவர் இப்பொழுது உதிரப்பட்டிக் கல்வெட்டுகளைத் தொகுத்துக்கொண்டிருக்கின்றார். நிலம் பெற்றவர் பெயர்களில் கைம்பெண்டிர் எத்தனை பேர் எனப் பிரித்தெழுதுதல் அவர் இட்டுக்கொண்ட முதற்பணி.